வடிகாலுக்கு ஒரு மடைப்பலகை

ஓடைக்குள் இடுப்பளவு சேற்றில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். கையில் குடை விரிந்தபடியே இருந்தது. மழை நின்று வெகு நேரம் ஆகியிருந்தது.

"அங்க என்ன செய்றீங்க?" என்று கரையில் நின்று கேட்டேன்.

"தண்ணி எவ்வளவு போகுதுன்னு பாக்கேன்" என்றார்.

அவர் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. விழுந்திருந்தார். ஓடைக்குக் குறுக்கே பாலமாகக் கிடந்த தென்னந்தடி பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. நடுப்பகுதியில் பாசி ஒரு முழ நீளத்துக்கு வழித்தெடுத்தது போலப் போயிருந்தது. அந்த இடத்துக்கு நேர் கீழேதான் அவர் தண்ணீரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

எங்கள் நிலத்துக்கு மேலே இருக்கும் நிலம் சுமதியுடையது. சத்தம் கேட்டு அவள் ஓடிவந்தாள். நானும் அவளுமாகத் தூக்கிக் கரையேற்றினோம். அதற்கு முன் அவள் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து எங்கள் மகளுக்கு அனுப்பிவிட்டாள். தூக்கிய பிறகுதான் எடுத்தேன் என்று இன்றைக்கும் சொல்கிறாள். படத்தில் இவர் ஓடைக்குள்தான் இருக்கிறார்.

நல்லவேளை, எலும்பு ஒன்றும் உடையவில்லை. வலது முட்டியில் அறுவை சிகிச்சை செய்து ஒரு வருடம்கூட ஆகாத மனிதர். சமதளத்தில் மட்டும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தென்னந்தடி சமதளம்தான் என்பது இவருடைய வாதம்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் பழைய அலுவலகத்தின் கேன்டீன்காரரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "ஊருல உள்ளவனப் பத்தியெல்லாம் எழுதுற. என்னப் பத்தி எப்ப எழுதப் போற?" என்று கேட்டார். கேட்டது அவர்தான் என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம்

நாங்கள் குடியிருப்பது திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், அக்ரகாரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில். நிலம் இருப்பது வித்துரா போகும் வழியில். பெரிய சாலையிலிருந்து பிரிந்து, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் ஒரு மண்பாதையின் கடைசியில் அது கிடக்கிறது. ஜவுளிக்கடைக் கணக்கிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு இவர் அதை வாங்கினார். என்னிடம் வாங்கிய பிறகு சொன்னார்.

நிலத்தை ஓடை இரண்டாகப் பிரிக்கிறது. பாதை ஓரத்தில் நாலு தென்னையும் ஒரு ஓட்டுக் கொட்டகையும். வாழை, மரச்சீனி, சேனை, பாகற்பந்தல் என்று இவர் உயிரை விடும் எல்லாமே ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடையைத் தாண்டாமல் நிலத்துக்குப் போய்வருவது, மண்டப வாசலில் நின்றுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தேன் என்று சொல்வது மாதிரி.

மகள் தீபாவுக்குக் கழக்கூட்டத்தில் வேலை. அங்கேயே ஒரு வாடகை ஃப்ளாட்டில் இருக்கிறாள். படம் போன அன்று சாயங்காலமே ஸ்ரீவராகம் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"அப்பா, ரெண்டே வழிதான். ஒண்ணுகில் அந்த ஓடைய மூடணும். அல்லெங்கில் நிலத்த விக்கணும்."

"ஓடைய மூடுனா தண்ணி எப்படி மக்களே போகும்?" மகளை அவர் "மக்களே" என்றுதான் கூப்பிடுவார்.

"பைப்புல போகும். எல்லா ஊர்லயும் அப்படித்தான் போகுது. மீட்டிங்ல இருக்கும்போது எனக்கு இப்படி ஒரு போட்டோ இனி வரக்கூடாது."

"சரி, மூடிருவோம்."

"மூடின பின்னாடியும் ஏதாச்சும் பிரச்சனை வந்தா விக்கணும். வாக்கு தாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன். வாக்குக் கொடுத்தார்.

அன்றைக்குச் சாப்பாட்டில் அவர் மோர் கேட்கவில்லை. மோர் கேட்காத நாள் அவருக்கு மோசமான நாள். அந்த நிலம் போனால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். காலையில் எழுந்து பத்திரிகையை முழுக்கப் படிப்பார். பிறகு அதையே மறுபடியும் படிப்பார். பிறகு நான் சாம்பாரில் பெருங்காயம் போடும் முறையைத் திருத்துவார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, அவருக்காகவும் எனக்காகவும்.

நாஞ்சில் நாட்டுக்காரரிடம் தண்ணீர் பேசக்கூடாது

இவருடைய பூர்வீகம் நாஞ்சில் நாடு. இதை நான் எழுதாவிட்டாலும், அவரோடு ஒரு தடவை பஸ்ஸில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்திருக்கும். அங்கே தண்ணீர் என்றால் கால்வாயில் எங்கிருந்தோ வந்துசேர வேண்டும். வந்தால் மடைப்பலகை போட்டு நிறுத்த வேண்டும். நிறுத்தியதைப் பங்கு வைக்க வேண்டும். பங்கு வைத்த பிறகு சண்டை போட வேண்டும். இவருடைய அப்பா மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் காலைப் பத்திரிகை படிப்பாராம். பலகையை யாரும் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காக.

எங்கள் நிலத்தில் விஷயம் வேறு. மேலே ரப்பர்ச் சரிவு. அங்கிருந்து தண்ணீர் யாரும் கேட்காமலே இறங்கிவரும். சுமதியின் வாழைக்குள் ஓடி, எங்கள் நிலத்தைக் கடந்து, கீழே ஆற்றில் போய்ச் சேரும். அது பாசனக் கால்வாய் அல்ல, வடிகால். அதைப் போகவிடுவது ஒன்றுதான் நாம் செய்ய வேண்டிய வேலை. இந்த ஒரு வித்தியாசத்தை இத்தனை வருஷத்தில் நானும் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "தண்ணி தண்ணிதான்" என்பார்.

ஓடையை மூடுவதற்குச் சுமதியின் சம்மதம் வேண்டும். கேட்கப் போனோம். சுமதி ஒற்றை ஆள். புருஷன் போய் வெகு காலமாகிறது. ஓணத்துக்கு வெட்டும் ஏத்தவாழைதான் அவளுடைய வருஷத்துச் சோறு.

"மூடுங்க, எனக்கொண்ணும் இல்ல" என்றாள். "வெள்ளம் போணும். அது மட்டும் மதி, வேற ஒண்ணும் வேண்டாம். என்ற வாழைமூட்டுல தண்ணி நிக்கக்கூடாது, கேட்டா?"

"தண்ணி காரியத்த எங்கிட்ட விட்டுரு சுமதி. நான் நாஞ்சில் நாட்டுக்காரனாக்கும்."

"அதுதான் அண்ணாச்சி எனக்குப் பயம்" என்றாள்.

இவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு தமிழர்கள் சந்தித்தபோது

வேலைக்கு உள்ளூர்க் கொத்தனார்கள் இருந்தார்கள். "நம்ம ஆளுவ வேலைதான் சுத்தம்" என்று சொல்லி, எங்கோ கட்டட வேலையில் இருந்த செல்வராசுவைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். செல்வராசுவுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கரிசல் காடு. அவர் ஊரில் தண்ணீரைக் குடத்தில்தான் பார்ப்பார்கள்.

வேலை சுத்தமாகத்தான் நடந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். மண் அள்ளும் வண்டி வந்து ஓடையின் அடிச்சேற்றைத் தோண்டி எடுத்தது. ஜல்லி பரப்பினார்கள். சரிவு சரியாக இருக்கிறதா என்று டியூபில் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். ஒரு ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குப் பெரிய சிமெண்டுக் குழாய்கள். சங்கிலி கட்டி ஒவ்வொன்றாக இறக்கி, மூட்டுகளுக்குக் கலவை பூசினார்கள். ஓடை அன்றைக்கு ஒரு ஓரமாக ஒதுங்கி, மணலை அரித்துக்கொண்டு மெலிசாக ஓடியது. புதுச் சிமெண்டு வாசனையும் பழைய சேற்று வாசனையும் கலந்து கொட்டகை வரைக்கும் வந்தது.

நான் கொட்டகையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே பேச்சு கேட்டது.

"ஏன் அண்ணாச்சி, இவ்வளவு தண்ணியும் சும்மாவா போவுது?" இது செல்வராசு.

"அதத்தான வே நானும் வந்த நாள் முதலா கேக்கேன்!" இது இவர்.

பிறகு குச்சி ஒடிக்கும் சத்தம் கேட்டது. அதற்குள் தீர்மானம் ஆகியிருக்கிறது. நான் தேநீரோடு வெளியே வந்தபோது இரண்டு பேரும் மண்ணில் குச்சியால் படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

படம் இதுதான். குழாயின் மேல்வாயில், சுமதியின் எல்லையை ஒட்டி, ஒரு காங்கிரீட் தொட்டி. தொட்டிச் சுவர் இரண்டிலும் செங்குத்தாக ஒரு காடி, அதாவது பள்ளமான தடம். அதில் ஒரு பலகையை இறக்கினால் தண்ணீர் நிற்கும். தூக்கினால் போகும். வடிகாலுக்கு மடை.

"இது எதுக்கு?" என்றேன்.

"கோடைக்கு" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

பலகைக்கு இங்கே உள்ள மரம் எதுவும் இவருக்குப் பிடிக்கவில்லை. ஊருக்குப் போய் நல்ல விளைந்த அயினிப் பலகையாக இழைத்து, நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தார். கண்டக்டர், "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார். மடைப்பலகை என்றதும், "திருவனந்தபுரத்துல எதுக்கு மடை?" என்றாராம். தன் பலகையைப் பற்றி ஒரு கண்டக்டர் அக்கறையாக விசாரித்ததாக இவர் இதை எல்லோரிடமும் சொல்லிவந்தார்.

வேலை முடிந்ததும் தீபா பார்வையிட வந்தாள். மண் நிரப்பித் திமிசு போட்டு இறுக்கிய இடத்தில் அங்கும் இங்கும் நடந்தாள். ஒரு தடவை குதித்தும் பார்த்தாள். பலகையைக் காட்டி, "இது எந்தா அப்பா?" என்றாள்.

"அது ஒரு சேஃப்டி" என்றார்.

அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு இவர் நடந்தார். ஓடை இருந்த இடத்தின் மேல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கீழே பார்க்காமல் நடந்து அந்தப் பக்கம் போய், ஒரு வாழையிலையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தார். மறுபடியும் போனார். மறுபடியும் வந்தார். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான்.

கோடைக்காலப் புகழ்

அந்தக் கோடையில் பலகை நன்றாக வேலை செய்தது. இதையும் எழுத வேண்டும் என்று பக்கத்து அறையிலிருந்து சத்தம் வருகிறது.

சரிவிலிருந்து கசிந்துவந்த கொஞ்சத் தண்ணீரும் தொட்டியில் தங்கியது. எங்கள் பாகல் காய்த்துத் தள்ளியது. சுமதியின் கிணற்றில் தண்ணீர் வற்றவில்லை. "அண்ணாச்சிக்குப் புத்தி உண்டு, கேட்டா" என்று அவளே சொல்லிவிட்டாள். பால்காரர், மருந்துக்கடைக்காரர், கோயிலில் செருப்பு பார்த்துக்கொள்ளும் அம்மாள் உட்பட எங்கள் பகுதியில் அனைவருக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

பிறகு இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கியது.

"பலகைய எடுத்துட்டு வந்துருவோமா?" என்று கேட்டேன்.

"முதல் மழைத் தண்ணிய யாராவது விடுவானா?" என்றார். அவர் ஊரில் விடமாட்டார்கள். முதல் மழை நிலத்தில் நின்று ஊற வேண்டும். இங்கே முதல் மழை என்பது ஒரு மாதம் நிற்காமல் பெய்யப்போகும் மழையின் முதல் மணி நேரம். மறுநாள் கேட்டேன், தூறல்தானே என்றார். அந்தத் தூறலில் எங்கள் சந்தில் ஆட்டோ வர மறுத்தது.

சனிக்கிழமை காலை சுமதி போன் செய்தாள். அண்ணாச்சியைக் கேட்கவில்லை. என்னிடம்தான் பேசினாள். குரலில் சண்டை இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"சேச்சி, அண்ணாச்சியோட அணை நெறஞ்சுபோச்சு. என் வாழைக்கு முட்டளவு வெள்ளம். பலகைய இழுத்துப் பாத்தேன், இளகல. எல்லாம் கொல தள்ளி நிக்கிற வாழை சேச்சி. இன்னும் ஒரு நாள் நின்னா வேரு அழுகிரும்."

தீபா அன்றைக்கு வீட்டில் இருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டது நான்தான். எல்லாவற்றையும் கேட்டாள். கார் சாவியை எடுத்தாள்.

காடியை உடை

கார் நெடுமங்காடு தாண்டும்போது இவர், "அயினி ஊறாது" என்றார்.

ஊறியிருந்தது. காடிக்குள் பலகை இறுகிப்போயிருந்தது. மேலே கட்டியிருந்த கயிறு சுமதி இழுத்ததில் அறுந்து கிடந்தது. பலகையின் இந்தப் பக்கம் குழாய் சொட்டுச் சொட்டாக வடிந்தது. அந்தப் பக்கம் சிவப்புத் தண்ணீர் ரப்பர் இலைகளோடு தளும்பி நின்றது. அதற்கு அப்பால் சுமதியின் வாழைகள் தண்ணீருக்குள் நின்றன. இரண்டு மூன்று சாய்ந்திருந்தன. (பலகை இறுகியது அயினியின் குற்றம் அல்ல, செல்வராசு காடியை அளவு குறைத்து வெட்டியதுதான் காரணம் என்று இந்த இடத்தில் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.)

"அப்பா, நீங்க இங்க நில்லுங்க. இறங்கக் கூடாது" என்றாள் தீபா. சல்வாரை மடித்துக்கொண்டு தொட்டிச் சுவரின் மேல் ஏறினாள். சுமதி கடப்பாரையைக் கொடுத்துவிட்டு அவள் இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். நான் சுமதியைப் பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பெண் ஓங்கிப் பலகையின் நடுவில் குத்தினாள். கடப்பாரை துள்ளித் திரும்பியது. மறுபடி குத்தினாள். பலகையில் ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான்.

"பலகையில குத்தாத மக்களே" என்றார் இவர் மழைக்குள் நின்று.

தீபா திரும்பினாள். முகம் சிவந்திருந்தது. "இப்பவும் உங்களுக்கு அந்தப் பலகைதானா அப்பா?"

"அதுக்கில்ல. அது உடையாது. நீ காடிய உடை. சொவருல, அந்த ஓரத்துல குத்து. அது போனா பலக தானா வரும்."

காடியை உடைத்தால் அப்புறம் அந்தத் தொட்டியில் எந்தப் பலகையும் நிற்காது. அவருக்கும் அது தெரியும். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

காங்கிரீட்டின் மெல்லிய விளிம்பு நாலைந்து குத்தில் பெயர்ந்தது. பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கடப்பாரையால் நெம்பி, மூன்று பெண்களுமாக இழுத்து வெளியே போட்டோம். தண்ணீர் குழாய்க்குள் பாய்ந்த சத்தம் கால்களுக்கு அடியில் அதிர்ந்தது. குழாயில் ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சுமதியின் வாழைமூடுகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்தன.

சுமதி பலகையைத் தூக்கித் தன் வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். "இது இனி எனக்கு. அண்ணாச்சி இதக் கண்ணால பாக்கக்கூடாது."

இவர் சாய்ந்த வாழைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தப்பு எம்மேலதான் சுமதி" என்றார். இந்த வாக்கியத்தை நான் என் காதால் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு தீபாவின் பக்கம் திரும்பினார். "வாக்கு வாக்குதான் மக்களே. வித்துருவோம்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தீபா கடப்பாரையைக் கீழே வைத்தாள்.

பதில் சொன்னது சுமதி.

"ஆருக்கு விக்கப் போறீங்க?"

"யாராவது வாங்குவாங்க" என்றார்.

"வாங்குவான். வாங்கி, செம்மண்ணு கொண்டுவந்து தட்டி ஒசத்தி, சுத்தி மதிலு கட்டுவான். ஓடைக்குச் சின்னதா ஒரு பைப்பப் போட்டுட்டு கல்ஃபுக்குப் போயிருவான். அப்ப நான் ஆருகிட்டப் போய்க் கத்துவேன்? அண்ணாச்சி மடத்தனம் செஞ்சா நான் ஒரு போன் பண்ணினா மதி. கொட்டுற மழையத்து ஓடிவந்து, நின்னு ஏச்சு கேக்குது. அடுத்தவன் கேக்குமா?" மூச்சு வாங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "விக்கக்கூடாது சேச்சி. நான் சம்மதிக்க மாட்டேன்."

பிறகு இவரைப் பார்த்து, "நிக்காம வாங்க அண்ணாச்சி. அந்த வாழைக்கு முட்டுக் கொடுக்கணும்" என்றாள்.

மூடிய ஓடையின் மேல் நடந்து இவர் அவள் நிலத்துக்குப் போனார். கீழே தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. இவர் முட்டுக்கம்பைப் பிடித்துக்கொள்ள அவள் வாழையை நிமிர்த்திக் கயிறு கட்டினாள். கட்டும்போதெல்லாம் ஏசினாள். நாஞ்சில் நாட்டைப் பற்றியும் சில வார்த்தைகள் வந்தன. இவர் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இத்தனை சரி நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. சுமதி கொடுத்த உலர்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு இவர் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். தீபாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெகு தூரம் வந்த பிறகு இவர் தொண்டையைச் செருமினார்.

"மக்களே, நிலத்த விக்கிற காரியம்..."

தீபா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சுமதிச் சேச்சி சம்மதிக்க மாட்டேங்குறாங்க அப்பா. நான் என்ன செய்ய முடியும்?"

இவர் தலையை ஆட்டினார். பிறகு வீட்டில் மோர் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.

இருக்கிறது என்றேன். பின் இருக்கையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், துடைத்தது மழைத் தண்ணீரை மட்டும் அல்ல. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. காரில் இருந்த இரண்டு பேரிடமும் அன்றைக்குச் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.